நம்மை அளந்த பணமும் நாம் கேட்ட மூன்று லட்சமும்

போன மாதம் ஒரு தங்கை போன் செய்தாள். வடமாவட்டம் ஒன்றில் அரசுக் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள், இரண்டாம் ஆண்டு. ஆதிதிராவிடர் நலத்துறையின் ஆராய்ச்சி ஊக்கத்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறாள். "களப்பணிக்குப் போகணும்னா கையில காசு வேணும்க்கா. ஏன் இன்னும் களத்துக்குப் போகலைன்னு நெறியாளர் கேக்குறார். பணம் வரலைன்னு சொன்னா, எல்லாரும்தான் சமாளிக்கிறாங்கங்கிறார்" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றும் கேட்டாள்: "நமக்கு ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கணும்னு முதல்ல யாருக்குக்கா தோணுச்சு?"

முதுகலையில் சமூகவியல் படித்தவள் நான். இந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவளுக்குப் போனில் சொன்னது பாதி. மீதியை எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. இந்த மாநிலத்தில் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு அரசு எப்போது பணம் போட ஆரம்பித்தது, அந்தப் பணம் நம்மை எப்படிப் பார்த்தது, நாம் எப்போது அதில் பங்கு கேட்டோம் என்பதுதான் விஷயம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் முதல் ஐம்பது ஆண்டுகள் அது ஆராய்ச்சி நடந்த இடம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்த தேர்வு நிறுவனம் அது. கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். பேராசிரியரை நியமிக்கலாம், ஆய்வு நடத்தலாம் என்ற அதிகாரமே 1904-ன் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில்தான் வந்தது. அதற்கும் பத்தாண்டு கழித்துத்தான் நாற்காலிகள் நிரம்பின. 1914-ல் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியராக எஸ்.கிருஷ்ணசாமி அய்யங்கார் வந்தார். 1915-ல் இந்தியப் பொருளாதாரத்துக்கு கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார்.

இந்த 1914 என்ற ஆண்டைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு மே மாதம் பண்டிதர் அயோத்திதாசர் இறந்துபோகிறார். 1907-லிருந்து வாரா வாரம் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவர் (அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆனது). அதில்தான் 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதினார். இலக்கியம், நிகண்டு, வழக்காறு, பௌத்த நூல்கள் என்று எல்லாவற்றையும் புரட்டி, இந்த மண்ணின் வரலாற்றைச் சேரியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று எழுதினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கிறேனா என்றால் இல்லை. ஆனால் அது ஆராய்ச்சி. கேள்வி இருந்தது, சான்று இருந்தது, வாதம் இருந்தது. பத்திரிகையின் விலை ஒரு பைசா, அவருடைய ஆராய்ச்சி நிதியும் அதுதான். அவர் கண்ணை மூடிய ஆண்டில் அரசு இந்திய வரலாற்றுக்கென்று முதன்முதலாகச் சம்பளம் கொடுத்து ஒரு நாற்காலியில் ஆளை உட்காரவைக்கிறது. இந்த இரண்டு வரலாறுகளும் ஒரே ஊரில் நடந்தன.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே அரசு அதற்கு முன்பே ஆராய்ச்சிக்குப் பணம் போட்டுக்கொண்டிருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885-லிருந்து இருந்த எட்கர் தர்ஸ்டன், 1901-ல் காலனி அரசு தொடங்கிய இனவரைவியல் கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்துக்குப் பொறுப்பாளர். மண்டையின் நீளம், மூக்கின் அகலம் என்று கருவி வைத்து அளந்தார். 1909-ல் ஏழு தொகுதிகள் வந்தன. இன்றும் நம் சாதிச் சான்றிதழ் வழக்குகளில் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நம் பாட்டன் பூட்டன்கள் முதன்முதலில் அரசாங்க ஆராய்ச்சிக்குள் நுழைந்தது இப்படித்தான். கேள்வி கேட்பவர்களாக நுழையவில்லை, அளக்கப்படும் மூக்குகளாக நுழைந்தார்கள்.

ஸ்லேட்டர் விஷயம் கொஞ்சம் வேறு. அதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அவர் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். புத்தகத்தில் உள்ள பொருளாதாரத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, கிராமத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார். அப்படித் திரட்டியவை 1918-ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற ஆங்கில நூலாக வந்தன. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, வடஆர்க்காட்டின் தூசி, திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், ராமநாதபுரத்து வடமலாபுரம், தஞ்சாவூர்ப் பக்கம் பாலக்குறிச்சி என்று நீளும் பட்டியல் அது. நாட்டின் ஆரம்பகாலக் கிராம ஆய்வுகளில் இது ஒன்று.

இருவேல்பட்டுப் பகுதியைப் படியுங்கள். படியாள் எப்படி உருவாகிறான் என்று அதில் இருக்கிறது. கல்யாணச் செலவுக்குச் சில ரூபாய் கடன் வாங்கியவன், அதைத் திருப்பிக் கட்ட முடியாமல் பண்ணைக்கு ஆளாகிறான். கடன் மகனுக்கு இறங்குகிறது, மகனும் ஆளாகிறான். கூலி நெல்லாக அளக்கப்படுகிறது. அந்தப் படியாட்களில் பெரும்பகுதி நம் மக்கள். அரசுப் பணத்தில் நடந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வு, பண்ணையடிமை முறையை எழுத்தில் பதிந்துவிட்டது. இது சிறிய விஷயம் இல்லை. நிலம் பற்றிய எந்த விவாதத்திலும் நாம் இதைச் சான்றாக வைக்கலாம்.

ஆனால் 1916-ல் சென்னையில் பொருளாதாரம் படித்த மாணவர் யார்? பெரும்பாலும் பார்ப்பனர், அல்லது நிலமுள்ள சாதி வீட்டுப் பிள்ளை. விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் ஊரில்தான் தங்கியிருப்பார், சேரியில் தங்கியிருக்க மாட்டார். படியாளின் கடன் எவ்வளவு என்று அவர் படியாளிடம் கேட்டாரா, பண்ணையாரிடம் கேட்டாரா? பண்ணையாரிடம்தான் பெரும்பாலும் கேட்டிருப்பார் என்பது என் ஊகம். நான் முதுகலையில் களப்பணிக்குப் போன முதல் நாள் எங்கள் குழுவை நேராக ஒரு முன்னாள் தலைவர் வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். 'காலனி'யைப் பற்றிய முதல் தகவல் அங்கேதான் கிடைத்தது. நான் காலனியில் பிறந்தவள், அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைக் குறிப்பெடுத்தேன்.

ஸ்லேட்டரின் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். 1930-களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு செய்தார்கள், 1940-ல் நூலாக வந்தது. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ்.குகன் போனார், ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து இருவேல்பட்டைப் பற்றி எழுதினார். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் போனார்கள். பண்ணையின் பிடி எப்படித் தளர்ந்தது, தலித்துகள் எப்படி விவசாயக் கூலிக்கு வெளியே வேலை தேடினார்கள் என்பதெல்லாம் நூறு ஆண்டுத் தொடர்ச்சியாக நமக்குக் கிடைப்பது இதனால்தான். ஒரு முறை போட்ட பணம் நூறு வருடம் பலன் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆராய்ச்சிக்கு அரசு பணம் போடுவதே வீண் என்று பேசும் தோழர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன். நம்மில் சிலர் அப்படிப் பேசுகிறோம்.

நீதிக்கட்சி ஆட்சியில் 1923-ல் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. அதற்குப் பிறகு துறைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1913-ல் தொடங்கிய தமிழ்ப் பேரகராதி வேலை அரசுப் பணத்திலேயே நகர்ந்து, 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, 1939-ல் இணைப்புத் தொகுதியோடு முடிந்தது. அதே 1920-களில் நமக்கான பணம் எந்தக் கணக்கில் வந்தது தெரியுமா? தொழிலாளர் துறைக் கணக்கில். கிணறு வெட்ட, வீட்டுமனை வாங்க, ஆரம்பப் பள்ளி திறக்க, கொஞ்சம் உதவித்தொகை கொடுக்க. அந்தப் பணம் இல்லாமல் நம் தாத்தாக்கள் எழுத்தறிந்திருக்க மாட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிரிவினையைப் பாருங்கள். ஒரு துறை அகராதி செய்யும், இன்னொரு துறை கிணறு வெட்டும். நமக்குக் கிணறு.

இந்தப் பிரிவினையை முதலில் உடைத்தவர் அம்பேத்கர்.

ஆராய்ச்சிக்குப் பணம் என்றால் என்ன, அது நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தன் வாழ்க்கையிலேயே தெரியும். 1913-ல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில்தான் கொலம்பியா போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடத்துக்கு. லண்டனில் ஆய்வை ஆரம்பித்தபோது காலம் முடிந்தது. 1917-ல் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலைக்குப் போனவருக்குத் தங்க வீடு கிடைக்காத கதை நமக்கெல்லாம் தெரியும். பம்பாயில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், சாகு மகாராஜின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன் எல்லாம் சேர்த்து 1920-ல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. ரூபாயின் சிக்கலைப் பற்றிய அந்த ஆய்வுக்கு 1923-ல் பட்டம் கிடைத்தது. உதவித்தொகை நின்றதால் மட்டும் மூன்று ஆண்டுகள் போயின.

1942 ஜூலையில் அவர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினர் ஆகிறார். அக்டோபர் மாதமே வைஸ்ராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகள் என்று ஒரு நீண்ட மனுவைக் கொடுக்கிறார். அதில் கல்விப் பகுதியை நீங்கள் எல்லோரும் தேடிப் படிக்க வேண்டும். வெறுமனே பள்ளி வேண்டும், விடுதி வேண்டும் என்று அவர் நிற்கவில்லை. கலை, சட்டம் படித்தால் மட்டும் நம் மக்களுக்குப் போதாது, அறிவியலும் தொழில்நுட்பமும் உயர்ந்த நிலையில் படிக்க வேண்டும், அதற்கான செலவை எந்தச் சேரிக் குடும்பமும் தாங்க முடியாது, அரசுதான் ஏற்க வேண்டும் என்கிறார். பிறகு கணக்கு போடுகிறார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் இந்திய அரசு ஆண்டுக்குத் தலா மூன்று லட்சம் மானியம் தருகிறது. எங்களுக்கும் மூன்று லட்சம் கொடு. இரண்டு லட்சம் இந்தியாவுக்குள் அறிவியல், தொழில்நுட்பம் படிக்க. ஒரு லட்சம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்க.

இதில் என்னை நிறுத்தியது அந்த ஒப்பீடுதான். ஏழை மாணவனுக்கு உதவி செய் என்று கேட்பது ஒரு வழி, அதில் நாம் பிச்சைக்காரர்கள். அவர் அந்த வழியில் கேட்கவில்லை. ஒரு சமூகத்தின் அறிவு வளர ஒரு பல்கலைக்கழகத்துக்கு அரசு கொடுக்கும் தொகையை, பல்கலைக்கழகமே இல்லாத இன்னொரு சமூகத்துக்கும் கொடு என்று கேட்டார். நிறுவனத்துக்கான மானியத்தோடு சமமாக வைத்துக் கேட்டார். பணம் வந்தது. 1944-ல் அந்தத் திட்டம் தொடங்கியது. இன்று நாம் போஸ்ட் மெட்ரிக் என்று சொல்லி, வருமானச் சான்றிதழுக்காகத் தாலுக்கா அலுவலகத்தில் நிற்கிறோமே, அதன் வேர் அந்த மூன்று லட்சம். போனில் தங்கை கேட்ட கேள்விக்குப் பதிலும் இதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆராய்ச்சிக்குப் பெரிய பணம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு 1956-ல் சட்டம் வந்தது. சென்னையில் ஏ.லட்சுமணசாமி முதலியார் 1942-லிருந்து 1969 வரை துணைவேந்தர், இருபத்தேழு வருடம். அவர் காலத்தில் சென்னைக்கு வந்த ஜி.என்.ராமச்சந்திரனின் இயற்பியல் துறைதான் 1954-ல் கொலாஜனின் முச்சுருள் அமைப்பைச் சொன்னது. கொலாஜன் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் புரதம். அந்த ஆய்வுக்குத் தேவையான மாதிரி, பக்கத்திலேயே 1948-ல் தொடங்கியிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது, கங்காருவின் வால் தசைநார். உலகத் தரமான ஆராய்ச்சி, ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இன்றைக்கு அதைக் கற்பனை செய்து பாருங்கள்.

எனக்கு அதில் வேறொன்றும் தோன்றும். தோலைத் தொட்டதால் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்ட மக்கள் வாழும் மாநிலம் இது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொட்டிகளில் சுண்ணாம்பில் கால் வெந்து நின்றவர்கள் யார்? தோல் ஆராய்ச்சியாக மாறிக் கண்ணாடிக் குழாய்க்குள் போனதும் தீட்டு போய்விட்டது. கூடவே அந்த மக்களும் காட்சியிலிருந்து போய்விட்டார்கள். ராமச்சந்திரனைக் குறை சொல்லவில்லை, அவர் இயற்பியல் செய்தார். தோலைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களின் பிள்ளைகள் அந்த ஆய்வகத்துக்குள் வர எந்தத் திட்டம் இருந்தது என்பதுதான் கேள்வி.

1960-களில் மானியக் குழு, தேர்ந்தெடுத்த துறைகளுக்கு உயராய்வு மையம் என்ற தகுதியும் கூடுதல் பணமும் கொடுத்தது. சென்னையில் தாவரவியலுக்குக் கிடைத்தது, ராமச்சந்திரனின் துறைக்குக் கிடைத்தது. தத்துவத்துக்கும் கிடைத்தது, டி.எம்.பி.மகாதேவன் தலைமையில். அந்த மையத்தின் சிறப்புப் பாடம் அத்வைதம். சங்கரரைப் படிக்கக் கூடாதென்று நான் சொல்ல மாட்டேன், தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் அதே சென்னையில் அறுபது வருடம் முன் பௌத்தத்தை மீட்டெழுதிய அயோத்திதாசர் அப்போது எந்தத் துறையின் பாடத்திலும் இல்லை. அவருடைய எழுத்துகளை ஞான.அலாய்சியஸ் தொகுத்து 1999-ல் இரண்டு பெரும் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். ஒரு மாநிலப் பல்கலைக்கழகமும் வெளியிடவில்லை. எண்பத்தைந்து வருடம் அரசின் ஆராய்ச்சிப் பணம் அவரைத் தாண்டித் தாண்டிப் போனது.

நம்மைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியபோதும் எப்படி ஒதுக்கினார்கள்? பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் சமூக ஒதுக்கலை ஆராயும் மையங்கள் பல பல்கலைக்கழகங்களில் திறக்கப்பட்டன, தமிழ்நாட்டிலும்தான். எல்லாம் திட்டக் காலத்துக்குரிய பணம். பன்னிரண்டாம் திட்டம் 2017-ல் முடிந்தபோது மையம் இருக்குமா, வேலை இருக்குமா என்று ஆசிரியர்கள் தெருவில் நின்றார்கள். சமூக ஒதுக்கலை ஆராய வந்தவர்களுக்கே நிரந்தர நாற்காலி இல்லை.

இனி ஃபெல்லோஷிப் பகுதி. இது உங்களில் பலருக்குச் சொந்த அனுபவம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005-ல் ராஜீவ் காந்தி தேசிய ஃபெல்லோஷிப் வந்தது. எஸ்.சி., எஸ்.டி. ஆய்வாளர்கள் ஆண்டுக்கு 2,000 பேருக்கு, நெட் தேர்ச்சி கட்டாயமில்லாமல், ஜே.ஆர்.எஃப். அளவுக்கே தொகை. எங்கள் தலைமுறையில் முனைவர் பட்டம் முடித்த பலர் இதில்தான் முடித்தார்கள். வீட்டுக்கும் அதிலிருந்துதான் பணம் போனது, தங்கை கல்யாணமும் அதில்தான் நடந்தது. பிறகு பெயர் மாறியது, 2018 வாக்கில் தேர்வு முறை நெட் மதிப்பெண்ணோடு கட்டப்பட்டது. மாவட்டத் தலைநகர்க் கல்லூரியில் தமிழ் வழியில் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்தக் கதவு பாதி மூடியது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாதவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் கொடுத்தார்கள், 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் பார்த்தபோதுதான் டெல்லியில் மானியக் குழு அலுவலகத்தை மாணவர்கள் முற்றுகையிட்டார்கள். மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கோ அந்த 8,000 எப்போதுமே கிடையாது. அவர்களுக்கும் கொடு என்பது அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று. அது நிறைவேறவில்லை. அடுத்த ஜனவரியில் ஹைதராபாத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். அவருக்கு வர வேண்டியிருந்த ஏழு மாத ஃபெல்லோஷிப் பாக்கி அவருடைய கடைசிக் கடிதத்தில் ஒரு கணக்காக நிற்கிறது.

தமிழ்நாடு அரசின் முழுநேர ஆய்வாளர் ஊக்கத்தொகை முதலில் ஆண்டுக்கு 50,000, இப்போது ஒரு லட்சம். உயர்த்தியது நல்லது. ஆனால் வகுத்துப் பாருங்கள், மாதம் 8,333 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000. ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையில், ஒருவர் 37,000 வாங்குகிறார், இன்னொருவர் 8,333-ஐ அடுத்த ஆண்டில் எதிர்பார்க்கிறார். இருவருக்கும் ஆய்வேடு சமர்ப்பிக்க ஒரே காலக்கெடு.

ஃபெல்லோஷிப் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் திட்டங்களாக வருகிறது. திட்டத்துக்கு விண்ணப்பிக்க நிரந்தரப் பணியிலுள்ள ஆசிரியர் வேண்டும். அவர்தான் கருவி வாங்குவார், அவர்தான் திட்ட உதவியாளரைத் தேர்ந்தெடுப்பார், அந்த உதவியாளர்தான் நாளை அறிஞர். நிரந்தர இடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டினால், 18 விழுக்காடு என்ற எண் அரசாணையில் இருக்கும், ஆய்வகத்தில் இருக்காது. நெறியாளர் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைந்த ஆய்வாளர்களில் நம் பிள்ளைகளே அதிகம் என்பதைச் சேலத்திலிருந்து ஹைதராபாத் போய் 2008-ல் இறந்துபோன ஆய்வு மாணவரின் கதையே சொல்லும்.

2020-ல் நடந்த ஒரு விவாதத்தையும் மறக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு உயர்சிறப்புத் தகுதி கொடுத்தால் மத்திய அரசிடமிருந்து 1,000 கோடி வரை வரும் என்றார்கள். 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு ஆபத்து என்று எதிர்ப்பு வந்தது, டெல்லியிலிருந்து ஆபத்தில்லை என்று விளக்கம் வந்தது, துணைவேந்தர் மாநில அரசைத் தாண்டி நேராக மத்திய அரசுக்கு எழுதினார், கடைசியில் மாநில அரசு வேண்டாம் என்றது. அன்று நானும் வேண்டாம் என்ற பக்கம்தான் நின்றேன், இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் பேசியது சேர்க்கையைப் பற்றி. அந்த 1,000 கோடியில் எத்தனை ஆய்வகம் எஸ்.சி. பேராசிரியர் தலைமையில் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இப்போது நிலைமை அதைவிட மோசம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024-ல் வருமான வரித்துறை 424 கோடி பாக்கி என்று முடக்கியது. மதுரை காமராசரில் சம்பளமே மாதக்கணக்கில் தாமதமானது. சம்பளத்துக்கே வழியில்லாத இடத்தில் ஆராய்ச்சித் திறனை எங்கே கட்டுவது? டெல்லியிலோ 2023-ல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தது, ஐந்தாண்டுக்கு 50,000 கோடி என்றார்கள், அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வருமாம். படியாளின் கடனை ஆராய எந்த கம்பெனி பணம் தரும் என்று எனக்குத் தெரியவில்லை.

நம் கையில் இருக்கும் ஒரு பிடி, துணைத்திட்டம். 1979-80-லிருந்தே சிறப்புக் கூறுகள் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியில் பங்கு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20.01 விழுக்காடு. பட்ஜெட் புத்தகத்தில் 789 என்ற சிறு தலைப்பு எங்கே வருகிறதோ அது நம் பணம். உயர்கல்வித் துறையின் மானியக் கோரிக்கையை எடுத்து 789-ஐத் தேடுங்கள். அங்கே காட்டப்படும் தொகை ஆய்வாளரின் கைக்கு வந்ததா, பொதுக் கட்டடத்திலும் பொதுச் சம்பளத்திலும் விகிதக் கணக்காகக் கழிக்கப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 2024-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் பலம் தருகிறது. கேட்கும்போது மொத்தத் தொகை மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக வாரியாக, ஆண்டு வாரியாக, எத்தனை ஆய்வாளர், எந்தத் தேதியில் பணம் வங்கிக்கு வந்தது என்று கேளுங்கள். தேதி முக்கியம்.

போன் செய்த தங்கையும் நானும் அப்படி ஒரு மனு எழுதிப் போட்டிருக்கிறோம். அவள் தலைப்பு, தன் ஊரில் படியாள் கடன் எப்போது, எப்படி ஒழிந்தது என்பது. ஸ்லேட்டர் புத்தகத்தின் இருவேல்பட்டுப் பகுதியை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினேன். படித்துவிட்டு, கல்யாணத்துக்கு வாங்கிய கடன் என்று அதில் இருப்பதைத் தன் பாட்டி வேறு மாதிரி சொல்வார் என்றாள். பாட்டியின் அப்பா படியாளாக இருந்தவர். கடன் கல்யாணத்துக்கு வாங்கியதில்லையாம், ஒரு மழைக்காலத்தில் வேலையில்லாமல் சாப்பாட்டுக்கு வாங்கிய நெல்லாம். கல்யாணம் என்று எழுதிக்கொண்டது பண்ணையாம்.

பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவி வாங்கவும் மற்ற ஊர்களில் இருக்கும் உறவுக்காரக் கிழவிகளைப் போய்ப் பார்க்கவும் ஊக்கத்தொகைக்காகக் காத்திருக்கிறாள். அதுவரை போனில் பதிவு செய் என்று சொல்லியிருக்கிறேன்.